தூக்கத்தை ஆராய வந்திருக்கும் இளையோருக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மனச்சோர்வு நோயாளிகளின் தூக்கம் குறித்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். முதலாண்டு முழுவதும், உறங்குவோரின் மூளை அலைகளையும் கண்ணசைவையும் காட்டும் இரவுப் பதிவுகளைப் பார்த்துத் தூக்கத்தின் நிலைகளைக் குறிப்பதுதான் வேலை என்கிறார் நெறியாளர். இதில் புதிதாக எதையேனும் கண்டறிய முடியுமா?
(ஆய்வு மாணவி, திருச்சி)

பதில்: முடியும். இத்துறையின் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று, ஒரு மாணவர் இரவுப் பதிவுகளோடு கண்விழித்ததால் கிடைத்ததுதான். 1950களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தேனியல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, பயனற்றுக் கிடந்த பழைய பதிவுக் கருவி ஒன்றைச் சரிசெய்து, தம் எட்டு வயது மகனின் கண்களருகே மின்முனைகளை ஒட்டி, அவன் உறங்குகையில் காகிதத்தில் ஓடிய கோடுகளைக் கவனித்தார். ஆழ்ந்து உறங்கும் சிறுவனின் கண்கள் விழித்திருப்பவனின் கண்களைப் போல இங்குமங்கும் விரைவதாகக் கோடுகள் காட்டவே, கருவியில்தான் கோளாறு என்று முதலில் ஐயுற்றவர், வேறு பலரிடமும் சோதித்து உறுதிசெய்த பின், கிளைட்மனுடன் சேர்ந்து 1953இல் அதை வெளியிட்டார். இன்று நாம் 'ரெம்' (REM, விரைவுக் கண்ணசைவு) தூக்கம் என்று சொல்வது அதைத்தான். அதே ஆய்வகத்தில் மருத்துவ மாணவராக இருந்த வில்லியம் டெமன்ட், மனச்சிதைவு நோயாளிகளின் உறக்கத்தில் கண்ணசைவையும் கனவையும் ஆராய்ந்து 1955இல் எழுதினார்.

எட்டு மணி நேரப் பதிவை முப்பது விநாடித் துண்டுகளாக்கினால் 960 துண்டுகள் வரும்; ஒவ்வொன்றும் தூக்கத்தின் எந்த நிலை என்று குறிக்க வேண்டும். கணினியே குறித்துத் தந்தாலும், முதலாண்டில் அவற்றை நீங்களே பார்த்துப் பழகுவது நல்லது. மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு, உறங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து வரவேண்டிய முதல் ரெம் தூக்கம் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆனால் அந்நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் பல ரெம் தூக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன, குறைக்கவும் செய்கின்றன. அவற்றைத் திடீரென நிறுத்தினாலோ அது பெருகுகிறது. ஆகவே எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு உட்கொள்ளப்பட்டது என்பவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். இக்குறிப்பு இல்லாவிட்டால், நீங்கள் காண்பது நோயின் தன்மையா மருந்தின் விளைவா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆய்வின் வசதிக்காக மருந்தை நிறுத்தும்படி நோயாளியிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். புது இடத்தில், தலையெல்லாம் மின்முனைகளோடு கழியும் முதல் இரவில் பெரும்பாலோருக்கு உறக்கம் கெடும் என்பதால், இரண்டாம் இரவின் பதிவையும் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: மனநோயால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் கெடுவதால் மனநோய் வருகிறதா?
(வாசகர், மதுரை)

பதில்: இரண்டும் நிகழ்கின்றன. மனச்சோர்வு இல்லாமல் தூக்கமின்மையால் மட்டும் அவதிப்படுவோருக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்கீடு காட்டியது. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: மனச்சோர்வு நோயாளிகளில் பலருக்கு ஓர் இரவு முழுவதும் கண்விழித்தால் மறுநாள் மனம் தெளிகிறது, ஆனால் மீண்டும் உறங்கி எழுந்ததும் பெரும்பாலோருக்கு அத்தெளிவு போய்விடுகிறது. அது ஏன் என்பதற்கு முழுமையான விடை இன்னும் கிட்டவில்லை. இளம் ஆய்வாளர்கள் கையிலெடுக்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுவது இதைத்தான். இதைப் படித்துவிட்டு வீட்டில் எவரும் முயன்று பார்க்கக் கூடாது. மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கக் குறைவே மிகை எழுச்சி நிலையைத் தூண்டிவிடலாம். அத்தகையவர் சில இரவுகள் சரியாக உறங்காமலும், அப்படியிருந்தும் களைப்பே தெரியாமலும் இருந்தால், உடனே அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.