பாரிஸ் சந்தையில் ஒரு ஜோடி பளிங்கு விளக்கு: வாங்கலாமா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறோம். சென்-துவான் பழம்பொருள் சந்தையில் ஒரு ஜோடி மேசை விளக்கு பார்த்தோம். வெள்ளைப் பளிங்கில் குடுவை, அதைச் சுற்றித் தங்கமுலாம் பூசிய வெண்கலப் பூமாலை, இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடாத் தலை. "லூயி 16 விளக்கு" என்கிறார் கடைக்காரர். 1,800 யூரோ. மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிரெஞ்சு மன்னர் 16-ம் லூயி ஆண்டது 1774 முதல் 1792 வரை. எடிசனின் பல்பு வந்ததே 1879-ல்தான். அப்படியானால் இரண்டில் ஒன்று: அந்தக் காலத்துப் பூச்சாடிக்கோ மெழுகுவர்த்தித் தாங்கிக்கோ பிற்பாடு ஒயர் இழுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் 19-ம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ பழைய பாணியில் வார்த்தது. சந்தையில் அதிகம் கிடைப்பது இரண்டாவது வகைதான். அது மட்டம் என்று சொல்ல மாட்டேன். பார்பெதியென் போன்ற 19-ம் நூற்றாண்டு வெண்கலப் பட்டறைகளின் வேலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு நுணுக்கம் என்று. ஆனால் அதற்கு லூயி காலத்து விலை கொடுக்கக் கூடாது.

கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு விளக்கைத் தலைகீழாகத் திருப்புங்கள். மேலே தெரியாத கதையெல்லாம் அடியில் இருக்கும். பழைய முறையில், தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்து வெண்கலத்தின் மேல் பூசிச் சூடுகாட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியை மூச்சில் வாங்கிய தொழிலாளர்கள் உடல் கெட்டுச் சீக்கிரமே இறந்துபோனார்கள். தங்கம் விலை கூடியது என்பதால் கண்ணில் படாத அடிப்பக்கத்துக்குப் பெரும்பாலும் பூச மாட்டார்கள். பழுப்பு வெண்கலத்தின் ஓரத்தில் தங்கம் லேசாக வழிந்து நின்றிருந்தால் அது நல்ல அடையாளம். உள்ளும் புறமும் ஒரே சீரான மினுமினுப்பு என்றால் 1840-களுக்குப் பிறகு வந்த மின்முலாமாக இருக்கலாம்.

அப்புறம் திருகு இருக்கும் இடம், தேய்ந்த முனை இதையெல்லாம் பாருங்கள். கீறலுக்குள் மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை. சாம்பல் நிறம் என்றால் மலிவான துத்தநாக வார்ப்பு. விரல் நகத்தால் தட்டினால் வெண்கலம் மணிபோல ஒலிக்கும், துத்தநாகம் மொத்தென்று அடங்கிவிடும். பளிங்கில் ஒயருக்காகப் புதிதாகத் துளை போட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

உங்கள் கையில் உள்ள பெரிய பலம் சட்டம்தான். பிரான்ஸில் கலைப்பொருள், பழம்பொருள் விற்பனை பற்றி 1981 மார்ச் 3-ல் வந்த 'மார்க்குஸ்' ஆணைப்படி, பொருளின் பெயரோடு வெறுமனே "லூயி 16" என்றோ "எபோக் லூயி 16" (லூயி 16 காலம்) என்றோ எழுதினால், அது அந்தக் காலத்தில் செய்தது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார் என்று பொருள். ஏதாவது ஒரு பாகம் பிற்காலத்தது என்றால் அதையும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். "ஸ்தீல் லூயி 16" (லூயி 16 பாணி) என்று எழுதினால் காலத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நீங்கள் கேட்டால், எதனால் ஆனது, எந்தக் காலத்தது என்ற விவரத்தோடு ஃபக்தூர் (பில்) கொடுப்பது வியாபாரியின் கடமை. வாயால் சொன்ன "லூயி 16" ஃபக்தூரில் "ஸ்தீல்" என்று மாறினால் விலையையும் அதற்கேற்ற மாதிரி பேசுங்கள். 1,000 யூரோவுக்கு மேல் வியாபாரியிடம் ரொக்கமாகக் கொடுக்க முடியாது என்பதால் கார்டிலேயே கட்டுங்கள். கடையில் நேரில் வாங்கியதை 14 நாளில் திருப்பித் தரும் உரிமை கிடையாது, அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் இப்படி ஒரு விளக்கு ஏற்கெனவே இருக்கிறது. முலாம் மங்கிவிட்டது. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே பளிங்கை அரித்து அதன் பளபளப்பை எடுத்துவிடும். முலாமோ மிக மெல்லியது; பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் தங்கமே துணியோடு வந்துவிடும், திரும்ப வராது. மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். துணி சுற்றிய பழைய ஒயர் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றி, உலோகப் பகுதிக்கு எர்த் கொடுங்கள். அதுவரை பிளக்கில் சொருகாதீர்கள்.