தம்பிக்கு டெண்டர், அண்ணனுக்கு நாற்காலி

கேள்வி: எங்கள் வார்டு கவுன்சிலரின் தம்பிதான் பேரூராட்சி வேலைகளை வரிசையாக எடுக்கிறார். புதிதாகப் போட்ட சிமென்ட் ரோடு அதற்குள் பொரிந்து ஜல்லி தெரிகிறது. கவுன்சிலர் பதவியைப் பறிக்க முடியுமா?
– வாசகர், கல்குளம் வட்டம்

பதில்: தம்பி என்பதற்காக மட்டும் பதவி போகாது. பேரூராட்சியுடன் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் கவுன்சிலருக்கே பங்கு இருந்தால்தான் தகுதியிழப்பு. அதனால் உறவை மட்டும் சொல்லும் மனு கிடப்பில்தான் கிடக்கும். பணம் அண்ணனிடம் வரும் வழியைக் காட்டுங்கள்: இருவரும் ஒரே நிறுவனத்தில் கூட்டாளிகளா, எம்-சாண்ட் அவருடைய லாரியில் வந்ததா, முன்வைப்புத் தொகை (டெண்டர் போடும்போது கட்டும் பணம்) அவர் கணக்கிலிருந்து போனதா?

காகிதங்களை முதலில் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பேரூராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி எழுதுங்கள். டெண்டர் அறிவிப்பு, விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் (முடித்த வேலையின் அளவைப் பதியும் ஏடு), மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

காகிதம் கைக்கு வந்ததும் தேதிகளைப் பாருங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரே ரோட்டை மூன்று துண்டாக்கி மூன்று சிறு வேலையாகக் காட்டியிருக்கிறார்களா, போட்டியாளர்களின் விலைப்புள்ளிகள் சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஒரே கையெழுத்தில் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

அதன்பின் ரோடு. மதிப்பீட்டில் கான்கிரீட்டின் கனம் 15 செ.மீ. என்றால், ஓரத்தில் டேப் வைத்து அளந்தால் அது சரியாக இருக்கும், ஏனென்றால் பலகை அடித்த ஓரம் எல்லார் கண்ணிலும் படும். நடுவில் மண்ணை மேடாக விட்டு 11 செ.மீ. மட்டும் போட்டிருந்தால் வெளியே தெரியாது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால் அது 12 கன மீட்டர் கான்கிரீட் குறைவு. எம்20 தரக் கான்கிரீட் கலவைக்கு அது 90 மூட்டைக்கு மேல் சிமென்ட். ஆகவே நடுவில் கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதிக்கும்படி கேளுங்கள். வேலையைப் பார்வையிடவும் சான்றளித்த மாதிரி பெறவும் தகவல் உரிமைச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது.

ஆவணங்களுடன் நாகர்கோவிலில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2014 சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கும் (உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) எழுதலாம். லஞ்சம் கைமாறியது தெரிந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். ஊழல் தடுப்புச் சட்டப்படி கவுன்சிலரும் பொது ஊழியரே என்று ராஜஸ்தான் நகராட்சி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (உங்கள் ஊர் கிராம ஊராட்சியாக இருந்தால் 1994 ஊராட்சிகள் சட்டம்தான் பொருந்தும். அங்கே கிராம சபையிலேயே கணக்கைக் கேட்கலாம்.)

கேள்வி: நான் பேரூராட்சி கவுன்சிலர். மன்றத்தில் வரப்போகும் புதிய ரோடு என் ரப்பர் விளையை (தோட்டத்தை) ஒட்டிப் போகிறது. நான் வாக்களிக்கலாமா?
– வாசகர், விளவங்கோடு வட்டம்

பதில்: ரோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். நாற்பது வீட்டுக்காரர்கள் நடக்கும் வழியில் உங்கள் விளையும் இருந்தால் அது பொது நன்மை, தாராளமாக வாக்களியுங்கள். உங்கள் கேட்டோடு ரோடு நின்றுவிட்டால் அது உங்கள் பண நலன்; அந்தப் பொருளில் பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. கூட்டத்துக்கு முன்பே தலைவருக்கும் செயல் அலுவலருக்கும் எழுதிக் கொடுங்கள். பொருள் வரும்போது மன்றத்தை விட்டு வெளியே போங்கள். வாய்மூடி உட்கார்ந்திருந்தால் போதாது, பதிவேட்டில் நீங்கள் ஆதரித்ததாகவே ஆகிவிடும். நாற்பது பொருளையும் ஒரே மூச்சில் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதும் வழக்கம் இருந்தால், உங்கள் பொருளைத் தனித் தீர்மானமாக எடுக்கச் சொல்லுங்கள். நடவடிக்கைக் குறிப்பில் ‘வெளியேறினார்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தின் நகலையும் வாங்கி வையுங்கள்.