டிஃபென்ஸுக்காகவே கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் சென்டரை (கூடைக்கு அருகே நிற்கும் நெட்டை வீரரை) அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணி ஒன்று டிரேட் செய்துவிடலாமா, அதாவது வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிடலாமா?

சம்பளம் அதிகம் என்பது மட்டும்தான் காரணம் என்றால், கூடாது. அவருக்கு முன்னால், கூடையிலிருந்து தள்ளி ஆடும் வீரர்களான கார்டுகளால் எதிராளியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை, அவர்களை மாற்றவும் வழியில்லை என்றால் செய்யலாம். அதையும் நல்ல விலை வரும்போதே செய்துவிட வேண்டும்.

இதற்கு ரூடி கோபேரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஒரு அணி அவரை அனுப்பியது, இன்னொரு அணி எடுத்தது. இரண்டும் அப்புறம் என்ன ஆயின என்பதும் கண்ணெதிரே இருக்கிறது.

கோபேர் பிரான்ஸ்காரர், 7 அடி 1 அங்குலம். புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013இல், 27ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். யூட்டா ஜாஸில் ஆடியபோது 2018, 2019, 2021 என்று மூன்று முறை ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கினார். 2020 டிசம்பரில் யூட்டா அவருக்கு ஐந்து வருடத்துக்கு 20.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. ரிம்முக்கு (கூடை வளையத்துக்கு) மேலே யாராவது பந்தைப் போட்டுக் கொடுத்தால் அதை உள்ளே அழுத்தி டங்க் அடிப்பார். தானாகப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போய் பாயின்ட் எடுக்கும் ரகம் இல்லை. "ஷூட் பண்ணவே தெரியாதவனுக்கு இவ்வளவு காசா" என்ற முணுமுணுப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அப்படி முணுமுணுத்தவர்கள் எல்லோரும் காட்டும் சாட்சி, 2021 ஜூனில் கிளிப்பர்ஸ் அணியுடன் நடந்த பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட்) தொடரின் ஆறாவது ஆட்டம். அந்த சீசனில் 52 வெற்றி, 20 தோல்வியுடன் லீகிலேயே முதலிடம் யூட்டாவுக்கு. எதிரில் தன் நட்சத்திர வீரர் கவாய் லெனர்ட் இல்லாத கிளிப்பர்ஸ். ஒரு கட்டத்தில் யூட்டா 25 பாயின்ட் முன்னிலை. அதைத் தொலைத்துவிட்டுத் தொடரையே இழந்து வீட்டுக்குப் போனார்கள். டெரன்ஸ் மேன் என்ற, அதுவரை பலர் பெயரே கேட்டிராத ஆள் 39 பாயின்ட் அடித்தார். கோபேர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் அவர்தான்.

அந்த ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு கோபேரின் கால்களை மட்டும் கவனியுங்கள். கிளிப்பர்ஸ் உயரமான சென்டரே இல்லாமல் ஐந்து பேரையும் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். மேன் கார்னரில், அதாவது கோர்ட்டின் மூலையில். பந்து கிளிப்பர்ஸின் ரெஜி ஜாக்சனிடமோ பால் ஜார்ஜிடமோ இருக்கும். அவரைப் பிடிக்க நிற்கும் யூட்டாக்காரர் பந்தை ஒரே ஒரு முறை தட்டியதுமே பின்தங்கிவிடுவார். இப்போது கோபேர் என்ன செய்வார்? ரிம்முக்கு வந்தால் மேன் தனியாக நிற்கிறார். மேனோடு ஒட்டிக்கொண்டால் எதிரே ஆளில்லாத லேஅப் (கூடைக்கு அருகே போய்ப் போடும் சுலபமான ஷாட்). அவர் ரிம்முக்கு வந்தார், பந்து கார்னருக்குப் போனது. திரும்பத் திரும்ப இதேதான். டிவியில் கடைசியாகத் தெரிவதோ கையை நீட்டிக்கொண்டு தாமதமாக ஓடிவரும் ஒரு நெட்டை மனிதர். பழி அவர் தலையில். யூட்டாவின் கார்டுகளான மைக் கான்லிக்குத் தொடையிலும் டானவன் மிட்செலுக்குக் கணுக்காலிலும் காயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அடுத்த வருட பிளேஆஃபிலும் டாலஸுடன் இதே ஓட்டைதான். டாலஸின் நட்சத்திரம் லூகா டான்சிச் முதல் மூன்று ஆட்டங்கள் ஆடவே இல்லை. அவர்களுடைய இன்னொரு வீரர் ஜேலன் பிரன்சன் இரண்டாவது ஆட்டத்தில் 41 பாயின்ட் அடித்தார். 4-2 என்று யூட்டா தொடரை இழந்தது.

2022 ஜூலையில் யூட்டா அவரை மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவை: நான்கு முதல் சுற்று பிக்குகள் (டிராஃப்டில் ஆளெடுக்கும் வாய்ப்புகள்), ஒரு பிக்கை மினசோட்டாவுடன் மாற்றிக்கொள்ளும் உரிமை, மாலிக் பீஸ்லி, ஜாரெட் வாண்டர்பில்ட் உள்ளிட்ட வீரர்கள், அப்போதுதான் டிராஃப்டில் 22ஆவதாக எடுக்கப்பட்ட வாக்கர் கெஸ்லர். இதற்காக மினசோட்டாவைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. முதல் வருடம் கேலிக்குத் தோதாகத்தான் இருந்தது. 42 வெற்றி, 40 தோல்வி. சீசனின் கடைசி ஆட்டத்தில் டைம்அவுட்டில் கோபேர் சொந்த அணியின் கைல் ஆண்டர்சனைக் குத்தினார். அதே ஆட்டத்தில் ஜேடன் மெக்டேனியல்ஸ் சுவரைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டார். என்ன நாளோ அது!

ஆனால் அந்த சீசன் நடுவிலேயே, 2023 பிப்ரவரியில், மினசோட்டா ஒரு வேலை செய்திருந்தது. டிஃபென்ஸில் அக்கறை காட்டாத டி'ஆஞ்சலோ ரஸ்ஸலை அனுப்பிவிட்டு, மைக் கான்லியையும் நிக்கீல் அலெக்சாண்டர்-வாக்கரையும் எடுத்தது. இரண்டு பேரும் யூட்டாவிலிருந்துதான் வந்தார்கள். இத்தனை நாள் எல்லோரும் பேசிய பெரிய டிரேடைவிட என் கணக்கில் இதுதான் முக்கியம். மெக்டேனியல்ஸ், ஆண்டனி எட்வர்ட்ஸ், அலெக்சாண்டர்-வாக்கர் மூவரும் வெளியே ஆளை இரண்டு விநாடி பிடித்து வைத்தார்கள். அந்த இரண்டு விநாடி போதும் கோபேருக்கு. 2023-24இல் லீகின் முதல் டிஃபென்ஸ் அவர்களுடையது. 56 வெற்றி. கோபேருக்கு நான்காவது விருது. அணி பிளேஆஃபில் மேற்குப் பிரிவின் இறுதிவரை போனது.

ஒரு சங்கடமான ஆட்டமும் உண்டு. அந்த பிளேஆஃபில் டென்வர் நக்கெட்ஸுடனான இரண்டாவது ஆட்டத்துக்குக் குழந்தை பிறந்ததால் கோபேர் வரவில்லை. மினசோட்டா 106-80 என்று நக்கெட்ஸை நசுக்கிவிட்டது. "பார்த்தீர்களா, இவர் இல்லாமலேயே!" என்றார்கள். எனக்கென்னவோ அது வெளியே இருந்த கார்டுகளின் தரத்தைத்தான் காட்டியது. ஒரு சீசனின் 82 ஆட்டத்துக்கும் அந்த வெறியோடு யாராலும் ஓட முடியாது. அடுத்த சுற்றில் டான்சிச் பின்னால் நகர்ந்து கோபேரின் கைக்கு மேலே மூன்று பாயின்ட் போட்டு ஆட்டத்தை முடித்தாரே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவ்வளவு உயரமானவரை கோட்டுக்கு வெளியே தனியாக விட்டால் அப்படித்தான் நடக்கும்.

இனி சம்பளம். 2023 ஒப்பந்த விதிகளுக்குப் பிறகு சம்பள வரம்பைப் பெரிதாகத் தாண்டும் அணிகளுக்குக் கை கட்டப்பட்ட நிலைதான். மினசோட்டாவும் ஒருவரை அனுப்பியாக வேண்டியிருந்தது. 2024 சீசன் தொடங்குவதற்குச் சற்று முன் அவர்கள் நியூயார்க்குக்கு அனுப்பியது நன்றாக ஷூட் பண்ணும் கார்ல்-ஆண்டனி டவுன்ஸை. ஷூட் பண்ணத் தெரியாதவர் தங்கினார்! அதோடு கோபேர் கடைசி வருடத்துக்கு 4.6 கோடி டாலருக்கு மேல் வர வேண்டியதை விட்டுவிட்டு, மூன்று வருடத்துக்கு 11 கோடி என்ற புது ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டார். வருடக் கணக்கில் சுமை குறைந்தது. 2025 ஏப்ரலில் சென்டரை உட்காரவைத்து ஆடிப் பார்த்த லேக்கர்ஸுக்கு எதிராக 27 பாயின்ட், 24 ரீபவுண்டு எடுத்தார். அன்று மினசோட்டா மூன்று பாயின்ட் ஷாட் 47 போட்டு 7 மட்டுமே விழுந்தது, ஆனாலும் ஜெயித்தார்கள். தவறிய பந்தையெல்லாம் ரிம்முக்குக் கீழே ஒருவர் பொறுக்கிக்கொண்டிருந்தாரே!

அப்படியென்றால் யூட்டா செய்தது தப்பா? அதுவும் இல்லை. மிட்செலையும் அவர்கள் அதே கோடையில் அனுப்பிவிட்டார்கள், அணியையே கலைக்கும் முடிவு அது. கலைப்பது என்று ஆன பிறகு கிடைத்த விலை அபாரம். அந்த விலையில் என் கண்ணுக்குப் படுவது பிக்குகளைவிட கெஸ்லர்தான். முதல் வருடச் சம்பளம் 30 லட்சம் டாலரைக்கூடத் தொடாத பையன், அந்த வருட ரூக்கிகளில் (முதல் வருட வீரர்களில்) சிறந்த ஐவர் அணியில் இடம்பிடித்தான். கோபேர் நின்ற இடத்தில் நின்று பந்தைத் தட்டிவிட்டான். உங்கள் அணியின் சென்டரைக் கேட்டு யாராவது போன் செய்து பிக்குகளை மட்டும் அடுக்கினால் நான் போனை வைத்துவிடுவேன். ரிம்முக்குக் கீழே நிற்க ஒரு பையனும் கூடவே வருகிறான் என்றால் உட்கார்ந்து பேசுவேன்.