நிகழ்நேரத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் இணையச் செயலிகளை ஓய்வு நேரத்தில் செய்து பார்த்திருக்கிறீர்களா? புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

செய்திருக்கிறேன். அலுவலக வேலை முடிந்த இரவுகளில் நான் எழுதியவற்றுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வரையக்கூடிய ஒரு கரும்பலகை. முன்பெல்லாம் புதிய செய்தி வந்திருக்கிறதா என்று பிரவுசர்தான் சர்வரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 2011 டிசம்பரில் தரமாக வெளியான வெப்சாக்கெட், ஒருமுறை திறந்த இணைப்பின் வழியே இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேச வழி செய்ததால், சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ் கொண்டு இரண்டே நாளில் பலகையை முடித்துவிட்டேன். ஆனால் யாரும் வரையாமல் ஒரு நிமிடம் கடந்தால் இணைப்பு அறுந்தது. இடையில் நின்று தகவலைக் கடத்தும் பிராக்ஸி சர்வர், 60 விநாடி அமைதியாக இருந்த இணைப்பை மூடிவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததே காரணம். 25 விநாடிக்கு ஒருமுறை பிங் என்ற சிறு செய்தியை அனுப்பிய பிறகு இணைப்பு அறுவது நின்றது.

இரண்டாவது, பிரவுசர்கள் தங்களுக்குள் நேரடியாக வீடியோவும் ஒலியும் அனுப்பிக்கொள்ள உதவும் வெப்ஆர்டிசி வழியாக ஒரு வீடியோ அறை. ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் நேரடியாக இணைவதால் நான்கு பேருக்கு 6 இணைப்புகள் போதும். எட்டுப் பேரானால் 28 வேண்டும். ஒவ்வொரு போனும் தன் வீடியோவை ஏழு முறை அனுப்பிச் சூடேறியதைக் கண்டு, நடுவில் ஒரு சர்வரை வைத்துப் பிரித்தனுப்பும் முறைக்கு மாறினேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவதான, பலர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய தமிழ்க் குறிப்பேடு. ஒருநாள் நண்பர் வரியின் தொடக்கத்தில் ஒரு காற்புள்ளியை அழித்த அதே கணத்தில், நான் அதே வரியில் 'கொடுத்தான்' என்பதற்கு முன் 'நேற்று' என்று சேர்த்தேன். என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது; அவர் திரையிலோ 'கநேற்று ொடுத்தான்' என்று வந்து நின்றது. நாம் ஓரெழுத்தாகப் பார்க்கும் 'கொ', கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 'க' என்ற எழுத்தும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடுகள். காற்புள்ளி போனதால் அவர் பிரதியில் எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்துவிட, 'இத்தனையாவது இடத்தில் சேர்' என்று என் நிரல் அனுப்பிய பழைய இட எண் சரியாக அவ்விரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது.

இதற்கு இட எண்ணைத் திருத்திக்கொள்ளும் வழியை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989லேயே வெளியிட்டுவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது சிஆர்டிடி முறை: எண்ணையே நம்பாமல், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மாறாத தனி அடையாளம் கொடுத்து, 'இதற்கு அடுத்து இது' என்று சேர்ப்பது. ஒய்ஜேஎஸ் என்ற இலவச நூலகம் அதைக் கையில் தருகிறது. ஆனாலும் தமிழுக்கு அது மட்டும் போதவில்லை. கர்சர் ஓர் எழுத்தின் நடுவில் நிற்காமலிருக்க முழு எழுத்தின் எல்லைகளைக் கண்டறிந்து நகர்த்த வேண்டியிருந்தது. ஒருவர் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டி முடிக்கும் வரை பிறர் செய்த மாற்றங்களை அவர் திரையில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இவ்விரண்டுக்கும் செலவிட்ட இரவுகளே அதிகம்.

புதியவர் கரும்பலகையிலிருந்து தொடங்கலாம். அது ஓடத் தொடங்கிய அன்றே, இரண்டு போன்களில் அதைத் திறந்து, ஒன்றின் வைஃபையை அணைத்துவிட்டு இரண்டிலும் வரையுங்கள். பிறகு வைஃபையைப் போட்டு, இரு படங்களும் ஒன்றாகின்றனவா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால், அடுத்து எழுத வேண்டியது அந்தப் பகுதிதான்.