களரிக்குக் கிட்ட ஒரு வீடு

வணக்கம் ஐயா,

நான் மட்டக்களப்பில் களுதாவளை. நெடுங்காலம் கணிதம் படிப்பித்துவிட்டு, போன வருடம் 60 வயதில் ஓய்வு பெற்றேன். கணவர் இல்லை. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தாயிற்று, அவளோடுதான் இருக்கிறேன். சமையலும் பேரப்பிள்ளைகளை ரியூசனுக்குக் கொண்டுபோய் வருவதும் என் பொறுப்பு. என் அம்மப்பா ஒரு அண்ணாவியார், கூத்து ஆசான். அவர் கூத்துப் பழக்கும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டே தருக்கள், அதாவது கூத்துப் பாட்டுகள், எனக்கு மனப்பாடம். பொம்பிளைப் பிள்ளை என்று கூத்தாடும் களரிக்குள் விடவில்லை. அவருடைய கொப்பிகள் எல்லாம் 1978 சூறாவளியோடு போய்விட்டன. மனதில் மிஞ்சியிருப்பதை எழுதிவைக்கவும் மத்தளம் பழகவும் ஆசை. கொழும்புக்குப் பக்கத்தில் மூத்தோருக்கான ஒரு குடியிருப்பில் சேர்ந்த என் சிநேகிதி, அங்கே படம் கீறிக்கொண்டு சந்தோசமாக இருக்கிறா. என்னையும் வரச்சொல்கிறா. வெளிநாட்டிலுள்ள மகன் காசு கட்டுகிறேன் என்கிறான். மகளோ, "பிள்ளைகள் இருக்க மடத்துக்குப் போனால் சனம் என்ன கதைக்கும்" என்று அழுகிறாள். போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சர்,

சனத்தின் கதையை முதலில் முடித்துவிடுவோம். நம்முடைய பகுதியில் வயதான தாய் தகப்பன் வீட்டை விட்டுப் போவது புதினமே இல்லை. மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இருந்த வீடு அவளுக்கு. பெற்றவர்கள் அதே வளவுக்குள்ளோ பக்கத்திலோ ஒன்றைக் கட்டிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு மாறிவிடுவார்கள். அடுத்தவளுக்கு முடிந்தால் அதையும் கொடுத்துவிட்டு இன்னொன்று. என் அம்மம்மா அப்படி மூன்று வீடு மாறி, கடைசியில் பின்வளவில் ஒரு அறையோடும் குசினியோடும் நின்றா. அதை யாரும் மடம் என்று சொல்லவில்லை. தனி அடுப்பு, தனித் திறப்பு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பிள்ளை. மத்தியானம் வெற்றிலை போட்டுக்கொண்டு தன் வயதுக்காரிகளோடு அவ சிரிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். வளவுகள் துண்டு துண்டாகிப் போனதால் உங்களுக்கு அந்தப் பின்வளவு வீடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மகளின் வீட்டிலிருந்து வெளிக்கிடுங்கள். நானும் ஓய்வு பெற்ற கையோடு ஆர்மோனியம் ஒன்று வாங்கினேன். நாலு வருடமாக அதன்மேல் பேரனின் பள்ளிக்கூடப் பைதான் இருக்கிறது. பேரனில் குற்றமில்லை. வீட்டில் சும்மா இருக்கிற ஆள் என்று ஒருவர் அகப்பட்டுவிட்டால் கரண்ட் பில் கட்டுவதிலிருந்து எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

ஆனால் கொழும்புக்கா?

உங்கள் சிநேகிதிக்கு ஒரு மேசையும் யன்னலும் போதும், சமையல் இல்லாத ஒரு நாளும் கிடைத்தால் படம் வளரும். நீங்கள் வயலின் பழகப் போவதாக எழுதியிருந்தாலும் பெட்டியைக் கட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கூத்து அப்படி இல்லையே ரீச்சர். அவரவர் பாகத்தை எழுதிய சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, வாராவாரம் கிழமைக்கூத்து ஆடி, கடைசி ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, மறுகாதான் அரங்கேற்றம். ஒருவர் தருவைப் படித்தால் வாங்கிப் படிக்கப் பிற்பாட்டுக்காரர் வேண்டும். மத்தளக்காரர் ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் அடிப்பார். ஆட்டக்காரர் இல்லாத இடத்தில் நீங்கள் யாருடைய காலைப் பார்ப்பீர்கள்?

கூத்து ஊரை விட்டுப் போனதே இல்லையா என்று கேட்பீர்கள். போயிருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 1964இல் வந்த இராவணேசன் அவற்றில் ஒன்று. அந்த மாணவர்களுக்கு ஆட்டம் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார்தான் வேண்டியிருந்தார். பல்கலைக்கழகம் கூப்பிட்டால் அண்ணாவியார் மலையேறிப் போவார். நீங்கள் ஒரு ஆள் கூப்பிட்டால் 300 கிலோமீற்றருக்கு மேல் கோச்சி ஏறி யார் வருவார்?

இன்னொன்று. உங்கள் மனதில் இருப்பது 14, 15 வயதுப் பிள்ளை வேலிக்கு இப்பால் நின்று கேட்டது. வரி தடுமாறும். ஒரு தருவின் தலையும் இன்னொன்றின் வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டவுடன் "பிழை பிள்ளை, அது இப்படி" என்று திருத்தக்கூடியவர்கள் எழுபதும் எண்பதும் கடந்து, உங்கள் பக்கத்துக் கோயில் வாசல்களில் இருக்கிறார்கள். அவர்கள் உங்களுக்காகக் கனகாலம் காத்திருக்கப் போவதில்லை.

என் யோசனை இது. மகன் தருகிற காசில் உங்கள் ஊரிலேயோ மட்டக்களப்பு நகரோடு ஒட்டிய கல்லடிப் பக்கமோ சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு எடுங்கள். ஓய்வு பெற்ற இன்னொரு ரீச்சரைச் சேர்த்துக்கொண்டால் இரவில் துணை. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அந்தப் பக்கம் விசாரித்தால் மத்தளம் பழக்க ஆள் அகப்படும். இந்தக் காலத்தில் மத்தளத்துக்குப் பொம்பிளை என்று யாரும் முகம் சுளித்தால், எனக்கு எழுதுங்கள்.

இல்லை, கொழும்புதான் என்றால், முற்பணம் கட்டாமல் ஒரு மாதம் விருந்தாளியாக இருந்து பாருங்கள். இடையில் விலகினால் அந்தப் பணம் திரும்பி வருமா, படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மத்தளம் அடிக்க விடுவார்களா என்றும் கேளுங்கள், சிரிப்பார்கள்.

அதுவரைக்கும் குசினியில் நின்றபடியே போனில் பாடிப் பதிந்துகொள்ளுங்கள். கூத்தின் இரண்டு வகையில் அம்மப்பா பழக்கியது வடமோடியா தென்மோடியா என்று நீங்கள் எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.