விழித்திரை விலகல்: மலையகத்தவர் கேட்டவையும் பதில்களும்

ஹட்டன்: அக்கா, அம்மாவுக்கு 58 வயது. கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவாம், இருட்டில் மின்னல் வெட்டுகிறதாம். கொழுந்துக் கூடை சுமந்ததாலா?

கூடையைக் குறை சொல்ல வேண்டாம், தம்பி. கண்ணுக்குள் கூழாக இருக்கும் கண்ணாடியுடனீர் வயதாக ஆக இளகி நீராகும். மிச்சக் கூழ் சுருங்கி, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருந்து காட்சியைப் பிடிக்கும் மெல்லிய படலமான விழித்திரையை விட்டுப் பிரியும். அந்த இழுவைதான் மின்னல். பெரும்பாலானோருக்கு அதோடு சரி. சிலருக்கு, இறுக ஒட்டிய இடத்தில் விழித்திரை கிழிந்துவிடும். அதனால் தாமதிக்காமல் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வெறும் கிழிசல் என்றால் லேசரிலேயே சரிசெய்யலாம். பார்வையின் ஓரத்தில் திரைபோல நிழல் விழுந்தால் விழித்திரையே கழலத் தொடங்கியிருக்கலாம், அதுதான் விழித்திரை விலகல். அன்றைக்கே ஓடுங்கள்.

பதுளை: சின்னக் கிழிசலுக்கு விழித்திரை முழுக்க ஏன் கழல்கிறது?

நீரோட்டம்தான் காரணம். கண் சட்டென்று திரும்பும்போது உள்ளே இளகிய நீர் பின்தங்கிச் சுழலும். கிழிசலின் விளிம்பைத் தூக்கி, அடியில் புகும். ஆணி கழன்ற லயத்துக் கூரைத் தகரத்தைக் காற்று தூக்குவது போலத்தான். விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் நீரை ஓயாமல் உறிஞ்சி வெளியேற்றும். புகுவது அதைவிட மிஞ்சினால் விலகல் பரவும். முற்காலத்தில் இரண்டு கண்ணையும் கட்டி, அசையாமல் படுக்க வைத்தார்கள். நீர் கொஞ்சம் வற்றும், எழுந்து நடமாடினால் திரும்ப வந்துவிடும். ஓட்டையை அடைத்தால்தான் தீர்வு என்று 1920களில் நிறுவியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜூல் கோனன்.

நுவரெலியா: அப்பாவுக்குக் கொழும்பில் விழித்திரை ஒப்பரேஷன் முடிந்து, ஓட்டையை அழுத்தி அடைக்கக் கண்ணுக்குள் வாயு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கூட்டிவரலாமா?

இப்போது வேண்டவே வேண்டாம், தங்கச்சி. நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். மேலே ஏற ஏற வாயுக்குமிழி விரியும், கண்ணழுத்தம் எகிறும், இரத்த ஓட்டம் தடைபட்டுப் பார்வையே போகலாம். பஸ்ஸானாலும் ரயிலானாலும் ஒன்றுதான். வைத்த வாயு சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைட் என்றால் சுமார் 2 வாரம், பெர்ஃபுளோரோபுரொப்பேன் என்றால் 2 மாதம் வரை கண்ணில் நிற்கும். குமிழி கரைந்துவிட்டது என்று டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை கீழே உறவினர் வீட்டில் வைத்திருங்கள். விமானம் ஏறக்கூடாது என்று சொல்லும் டொக்டருக்கு உங்கள் ஊர் உயரம் நினைவுக்கு வராமல் போகலாம், நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு ஒப்பரேஷனுக்கு மயக்கமருந்து கொடுக்கப்போனாலும் வாயு இருப்பதைச் சொல்ல வேண்டும். வாயுவுக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய் வைத்திருந்தால் இந்தப் பயம் இல்லை.

பண்டாரவளை: தலையைக் கவிழ்த்தே இருக்கச் சொல்வது எதற்கு, அக்கா?

குமிழி எப்போதும் மேலே மிதக்கும். ஓட்டை இருக்கும் பக்கம் மேலே வந்தால்தான் அது அங்கே அழுத்தி, நீர் புகாமல் அடைக்கும். எல்லாருக்கும் கவிழ்ந்து படுப்பதே சரியாகாது, சிலருக்கு ஒருக்களித்துப் படுக்க வேண்டியிருக்கும். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துச் செய்யாதீர்கள், உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.