தையல் மெஷின் டிராயர்ல ஒரு இன்ஜின்

அண்ணா வணக்கம்,

கட்டிலுக்கு அடியில நீங்க கட்டிட்டிருக்கிற குட்டி ரயில்வே ஸ்டேஷன் பத்தி போன மாசம் எழுதியிருந்தீங்கல்ல, அதான் உங்ககிட்டயே கேக்கலாம்னு. எங்க தாத்தா பொன்மலை ஒர்க்‌ஷாப்ல வேல பாத்தவர், இப்ப இல்ல. பாட்டியோட தையல் மெஷின குடுத்துரலாம்னு டிராயர காலி பண்ணா நூல்கண்டு, பட்டன், பாபினுக்கு நடுவுல ஒரு கருப்பு இன்ஜின், உள்ளங்கை சைஸ்ல. ஆறு சக்கரம், சைடுல 47606, அடியில ட்ரை-ஆங், மேட் இன் இங்கிலாந்து. எப்படி வந்துச்சுன்னு பாட்டிக்கே ஞாபகம் இல்ல. இது விலை போகுமா? ஓடுமா? ஓடுச்சுன்னா பையனுக்கு ஒரு சின்ன ஸ்டேஷன் பண்ணித் தரலாம்னு ஆச, ஆனா மரம், ஆளு, ஜல்லி இதெல்லாம் எங்க வாங்குறது? பொம்மைக்கடையில கேட்டா பேட்டரி போட்டு வட்டம் சுத்துற ரயிலத்தான் எடுத்துக் காட்டுறாங்க.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

மொதல்ல விலை விஷயத்த முடிச்சிருவோம். பெருசா போகாது. அது ஜின்ட்டின்னு சொல்ற ஷண்டிங் இன்ஜினோட (யார்டுல பொட்டிங்கள அங்கயும் இங்கயும் தள்ளி மாத்துறது) மாடல், 1953லேர்ந்து வருஷக்கணக்கா செஞ்சு தள்ளினாங்க, இங்கிலாந்துல பழைய சாமான் சந்தைக்குப் போனா இன்னைக்கும் கெடைக்கும். பொன்மலையில தையல் மெஷின் டிராயர்ல கெடைக்கிறதுதான் அதிசயம், அந்த அதிசயத்துக்கு எவனும் காசு தரமாட்டான், வெச்சுக்குங்க. ட்ரை-ஆங்ங்கிற பேரு வந்த கதை எனக்குப் பிடிக்கும், கம்பெனி ஆரம்பிச்ச அண்ணன் தம்பி மூணு பேருக்கும் குடும்பப் பேரு லைன்ஸ், மூணு லைன் சேந்தா முக்கோணம், அவ்ளோதான்.

ஓடுமான்னா, அநேகமா ஓடும். உள்ள இருக்கிறது எக்ஸ்04னு ஒரு மோட்டார், முரட்டுப் பய. பழைய கிரீஸ் காஞ்சு பிசின் மாதிரி ஆயிருக்கும், அதான் சக்கரம் சுத்தாது, நீங்க செத்துப்போச்சுன்னு நெனப்பீங்க. மேல்மூடிய கழட்டிட்டு அந்தப் பிசின குச்சியில கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுங்க, அப்புறம் மோட்டார் தண்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அந்த எண்ணெயத் தேடி எங்கயும் போகவேணாம், அதே டிராயர்ல நீளமூக்கு பாட்டில் ஒண்ணு இருக்கும் பாருங்க, தையல் மெஷின் ஆயில், அதேதான். பெயின்ட் மேல நெயில் பாலிஷ் ரிமூவர் படவே கூடாது, பிளாஸ்டிக் இளகிரும். மோட்டார்ல இருக்கிற காந்தத்த மட்டும் தயவுசெஞ்சு கழட்டாதீங்க. நான் என் முதல் இன்ஜின்ல க்ளீன் பண்றேன் பேர்வழின்னு காந்தத்த உருவி டேபிள் மேல வெச்சுட்டு சாப்பிடப் போனேன், திரும்ப மாட்டினா பாதி பலம் போயிருச்சு, அந்தக் காலத்துக் காந்தம் அப்படி, இரும்போட ஒட்டியே இருக்கணும். அந்த இன்ஜின் இன்னைக்கும் தனியா போகும், பின்னாடி ரெண்டு பொட்டி மாட்டினா முனகும்.

இனிமே உங்க மூணாவது கேள்வி, மரம், ஆளு, ஜல்லி எங்க வாங்குறதுன்னு, எனக்கு இதுலதான் சுவாரசியம்.

நீங்க பொம்மைக்கடையில தேடுறதுதான் தப்பு. எனக்கும் இது புரியறதுக்கு நாலஞ்சு வருஷம் ஆச்சு. கடையோட பேர வெச்சு தேடக்கூடாது, அளவ வெச்சு தேடணும். நம்ம பிராட்கேஜ் தண்டவாளத்தோட அகலம் 1676 மில்லிமீட்டர், பழைய கணக்குல அஞ்சரை அடி. கடையில கெடைக்கிற மாடல் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். 1676ஐ நூறால வகுத்துப் பாருங்க, 16.76. அதாவது வெளிநாட்டுக்காரன் அவன் ஊர் ரயிலுக்கு 87ல ஒரு பங்கு, 76ல ஒரு பங்குன்னு கணக்குப் போட்டு செஞ்ச தண்டவாளம், நம்ம ஊர் ரயிலுக்கு நூத்துல ஒரு பங்கா கச்சிதமா உக்காந்துக்குது. சரி, நூத்துல ஒரு பங்குல ஆள் பொம்மைய யார் விப்பா? ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்க காலேஜுக்கு பில்டிங் மாடல் பண்றாங்கல்ல, அவங்களுக்கு ஸ்டேஷனரி விக்கிற கடை. ஆளு, மரம், பார்க் பெஞ்ச், லைட் கம்பம், எல்லாம் 1:100ல பாக்கெட் போட்டு, ஏ3 ஷீட்டுக்குப் பக்கத்துலயே தொங்கும். நான் அந்தக் கடையத் தாண்டிதான் தினம் ஆபீஸ் போயிட்டிருந்தேன், ஒருநாள் மழைக்கு ஒதுங்கினப்பதான் உள்ள பாத்தேன்.

பாக்கெட்டுல எப்பவும் மூணு இஞ்ச் தண்டவாளத் துண்டு ஒண்ணு வெச்சிருப்பேன். அஞ்சரை அடி அகலம்னா சராசரி ஆளோட உயரமும் அதேதான் இல்லியா, அதனால ஸ்கேலே வேணாம், பொம்மைய தண்டவாளத்துக்குக் குறுக்க படுக்க வெச்சா போதும், தலை ஒரு பக்கக் கம்பியிலயும் காலு இன்னொரு பக்கக் கம்பியிலயும் பட்டா நம்ம ஆளு. அன்னைக்கு கல்லாவுல அப்படி வரிசையா ஒவ்வொருத்தனா படுக்க வெச்சுப் பாத்திட்டிருந்தேன், கடைக்காரர் ரொம்ப நேரம் பாத்துட்டு "சார், நீங்க எந்த காலேஜ்?"னு கேட்டார். எனக்கு அப்ப வயசு நாப்பத்தியாறு.

ஆனா உங்க ஜின்ட்டி 76ல ஒரு பங்கு, அதுக்கு இந்த ஆளுங்க பொடிசா தெரிவாங்க. உங்களுக்கு வேண்டியது 22 மில்லிமீட்டர் ஆளு. கொலு வெக்கிற வீடுதானே, படிக்குக் கீழ பார்க் கட்டுவோம்ல, கடுகு மொளைக்க வெச்சு, கண்ணாடித் துண்டுல கொளம் பண்ணி, அந்த பார்க் சாமானையெல்லாம் ஒரு தடவ ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. நவராத்திரி சமயத்துல மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு நான் போறது பொம்மைக்காக இல்ல, அந்தப் பொடி பிளாஸ்டிக் வேலி, கிணறு, மாடுக்காகத்தான். யோசிச்சா, பார்க்ல ரயில் விட்ட நம்ம வீட்டு மாமிங்கதான் இந்த ஹாபிய நமக்கு முன்னாடியே பண்ணிட்டிருந்தவங்க, பேரு மட்டும்தான் வேற. தென்னமரத்துக்கு பேக்கரிக்கு சாமான் சப்ளை பண்ற கடை, கேக் மேல குத்துவாங்களே அது, பளபளன்னு இருக்கும், மேல கொஞ்சம் மண்கலர் பெயின்ட் தொட்டா சரியாப்போகும்.

ஜல்லிக்கு நான் மொதல்ல ரவை போட்டேன். பாக்க அவ்ளோ அழகு. மூணாம் நாள் காலையில எறும்பு வரிசையா பிளாட்பாரம் ஏறி வந்துட்டிருக்கு. தின்ற பொருள் எதையும் போடாதீங்க. நம்ம ரயில்வே ஜல்லியில பெருசே 65 மில்லிமீட்டர்தான், உங்க அளவுக்கு அது ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, அந்த சைஸ்ல வாசல்லயே ஒரு பொருள் இருக்கு, கல்லு கோலமாவு. டீ வடிகட்டியில சலிச்சா கீழ போறது பவுடர், அது வேணாம், மேல நிக்கிற குருணை வேணும். கருப்பு போஸ்டர் கலர்ல பெரட்டி காயவெச்சு, ஸ்லீப்பர் கட்டைங்களுக்கு நடுவுல தூவி, வத்திக்குச்சியால தள்ளித் தள்ளி நெரவுங்க. அப்புறம் ஃபெவிகாலையும் தண்ணியையும் சரிக்குச் சரி கலந்து, அதுல ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், ஊசியில்லாத சிரிஞ்சால சொட்டு சொட்டா விடுங்க. அந்த லிக்விட் இல்லேன்னா சொட்டு முத்து மாதிரி மேலயே நின்னு உருண்டு ஜல்லியையும் இழுத்துட்டுப் போயிரும், இருந்தா சர்ருன்னு உள்ள எறங்கும், அத பாக்கறதே ஒரு சொகம்.

கரன்டுக்கு சிசிடிவி கேமரா அடாப்டர், 12 வோல்ட் டிசி, இன்ஜினுக்கு வேண்டியதும் அதான். ஸ்பீடு கூட்டிக் குறைக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில டிசி மோட்டார் கன்ட்ரோலர்னு கேளுங்க. தண்டவாளம் மட்டும் இப்படியெல்லாம் சிக்காது, ஆன்லைன்ல காசு குடுத்துதான் வாங்கணும், கோட் (code) 100னு போட்டது பாத்து வாங்குங்க, அது தண்டவாளக் கம்பியோட உயரம், 75 வேணாம், பழைய சக்கரத்துக்கு விளிம்பு பெருசு, மெல்லிசு தண்டவாளத்துல இடிக்கும்.

இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துருங்க. மோட்டார்ல, சுத்துற பாகத்துக்குக் கரன்ட் குடுக்கிற ரெண்டு கார்பன் பிரஷ்ஷையும் அமுக்கிப் பிடிக்கிற கம்பி ஸ்பிரிங் இருக்கும், அதோட ஒரு கால்ல மட்டும் குட்டியா ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கும். அது இல்லாம கரன்ட் குடுத்தா நேரா ஷார்ட். இருந்துச்சுன்னா 9 வோல்ட் பேட்டரியில ரெண்டு ஒயர இழுத்து, எடப்பக்க சக்கரத்துல ஒண்ணு வலப்பக்க சக்கரத்துல ஒண்ணு தொட்டுப் பாருங்க. உறை இல்லேன்னா பயப்படாதீங்க, மெல்லிசு ஒயரோட தோல கொஞ்சம் உரிச்சு மாட்டினா போதும்.